மேட்டூரில் விளைந்த சிலிக்கனும் நமக்குச் சேர வேண்டிய பங்கும்

இந்தியா சொந்தமாக சிப் தயாரிக்கப் போகிறது என்று செய்தி வரும்போதெல்லாம் குஜராத்தின் தோலேரா, சானந்த், அசாமின் ஜாகிரோடு என்று சில ஊர்ப் பெயர்கள் அடிபடுகின்றன. அந்தப் பட்டியலில் சேலம் மாவட்டம் இல்லை. ஆனால் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு, சிப்புக்கு மூலப்பொருளான தூய சிலிக்கனை இந்தியத் தொழில்நுட்பத்தில் தயாரித்த ஆலை நம் மேட்டூரில்தான் இருந்தது. சேலம், நாமக்கல் கல்லூரிகளில் மின்னணுவியல் படிக்கும் நம் பிள்ளைகளில் பலருக்கு இது தெரியாது. பாடப்புத்தகத்தில் இல்லை, ஊரிலும் யாரும் பேசுவதில்லை.

ஊர்ப் பெருமை பேசுவதற்காக நாம் இதை எழுதவில்லை. இந்தத் தொழிலுக்கு யாருடைய பணம் போனது, யாருக்கு உள்ளே இடம் கிடைத்தது, யார் வாசலுக்கு வெளியே நின்றார்கள் என்று பார்க்க வேண்டியிருக்கிறது. இதே தொழிலுக்கு இப்போது பல்லாயிரம் கோடி ரூபாய் பொதுப்பணம் போகிறது. அந்தப் பணத்தில் சேரியின் பங்கு எங்கே என்று கேட்க வேண்டிய நேரம் இது.

மேட்டூர் ஏன்?

சிலிக்கன் அரிய பொருள் அல்ல. ஆற்று மணலிலும், சேலம் நாமக்கல் காடுகளில் கால் வைத்த இடமெல்லாம் கிடக்கும் வெங்கச்சங்கல்லிலும் இருப்பது சிலிக்கன்தான். ஆக்சிஜனோடு சேர்ந்து கல்லாகக் கிடக்கிறது. அந்தக் கல்லைக் கரியோடு சேர்த்து மின் உலையில் உருக்கினால் 98, 99 சதவீதத் தூய்மையுள்ள சிலிக்கன் கிடைக்கும். அலுமினியத் தொழிலுக்கு அது போதும், சிப்புக்குப் போதாது. சிப்புக்கு வேண்டிய சிலிக்கனில் நூறு கோடி அணுக்களுக்கு ஓர் அணு வேற்றுப்பொருள் இருந்தாலே அதிகம்.

அந்தத் தூய்மையை எட்டும் வழி ரசாயன வழி. சிலிக்கனைப் பொடியாக்கி, ஹைட்ரஜன் குளோரைடு வாயுவோடு வினைபுரிய வைத்தால் டிரைகுளோரோசிலேன் என்ற திரவம் கிடைக்கிறது. அது சுமார் 32 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். ஆகவே அதைத் திரும்பத் திரும்பக் காய்ச்சி வடித்துச் சுத்தப்படுத்தலாம். பிறகு 1,100 டிகிரி அளவுக்குச் சூடேற்றிய சிலிக்கன் கம்பிகளின் மேல் அந்த ஆவியையும் ஹைட்ரஜனையும் செலுத்தினால், தூய சிலிக்கன் கம்பியின் மேல் படிந்து தடித்துக்கொண்டே வரும். இதுதான் பாலிசிலிக்கன். இதை மீண்டும் உருக்கி, ஒற்றைப் படிகமாக இழுத்து, மெல்லிய வில்லைகளாக அறுத்தால் அது வேஃபர். வேஃபரின் மேல்தான் சிப் வரையப்படுகிறது.

ஆக, இந்தத் தொழிலுக்கு வேண்டியவை குளோரின், ஹைட்ரஜன், ஏராளமான மின்சாரம், ஏராளமான தண்ணீர். இவை நான்கும் ஒரே இடத்தில் இருந்த ஊர் மேட்டூர். 1925இல் தொடங்கிய அணை வேலை 1934இல் முடிந்தது. அணையின் மின்சாரத்தை நம்பி ஆலைகள் வந்தன. 1936இல் மேட்டூர் கெமிக்கல்ஸ் தொடங்கப்பட்டது. உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சி காஸ்டிக் சோடா எடுக்கும்போது கூடவே கிடைப்பவைதான் குளோரினும் ஹைட்ரஜனும். சிலிக்கன் ஆலைக்குத் தேவையான அடித்தளம் அங்கே ஐம்பதாண்டுகளாகத் தயாராக இருந்தது.

அந்த அடித்தளத்தின் விலையையும் சொல்லிவிட வேண்டும். மேட்டூர் நீர்த்தேக்கத்துக்குள் ஊர்கள் மூழ்கியிருக்கின்றன. தண்ணீர் வற்றும் ஆண்டுகளில் பண்ணவாடிப் பக்கம் நந்தி சிலையும் பழைய தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும்போது செய்தித்தாள்கள் படம் போடுகின்றன. அந்த ஊர்களில் கோயிலும் தேவாலயமும் மட்டுமா இருந்திருக்கும்? சேரியும் இருந்திருக்கும். அன்றைக்கு நடப்பில் இருந்தது 1894ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டம். அது நிலத்தில் உரிமை காட்ட முடிந்தவருக்கு இழப்பீடு தந்தது. அடுத்தவர் காட்டில் பண்ணையம் பார்த்தவருக்கு, பட்டா இல்லாமல் குடிசை போட்டிருந்தவருக்கு அதில் இடமில்லை. நிலத்தை நம்பி வாழும் கூலிக் குடும்பமும் பாதிக்கப்பட்ட குடும்பம்தான் என்று சட்டம் ஒப்புக்கொள்ள 2013 வரை ஆனது.

ஹெம்லாக்கா, மேட்டூரா?

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் வேதியியல் பேராசிரியராக இருந்த ஏ.ஆர்.வாசுதேவ மூர்த்தியும் அவருடைய குழுவினரும் தூய சிலிக்கன் எடுக்கும் முறையை அங்கேயே உருவாக்கினார்கள். அந்த ஆய்வுக்கூட முறையை ஆலையாக்க முன்வந்தது மேட்டூர் கெமிக்கல்ஸ். அப்படிப் பிறந்தது மெட்கெம் சிலிக்கன். 1980களில் மேட்டூரில் பாலிசிலிக்கனும் வேஃபரும் தயாராகின. பின்னாளில் இந்த நிறுவனம் சன்மார் குழுமத்தில் சேர்ந்தது.

அதே காலத்தில் டெல்லியில் வேறொரு திட்டம் ஓடியது. தேசிய சிலிக்கன் ஆலை என்ற பெயரில் பெரிய அளவிலான ஆலை ஒன்றை அமைப்பது, அதற்கான தொழில்நுட்பத்தை அமெரிக்காவின் ஹெம்லாக் நிறுவனத்திடம் விலைக்கு வாங்குவது என்பது மத்திய அரசின் யோசனை. சொந்த நாட்டிலேயே முறை இருக்கும்போது எதற்கு வெளியிலிருந்து வாங்க வேண்டும் என்று உள்நாட்டு அறிவியலாளர்கள் கேட்டார்கள். மேட்டூர் முறை சிறிய அளவில்தான் ஓடியிருக்கிறது, பெரிய ஆலைக்குத் தாங்குமா என்று எதிர்த்தரப்பு கேட்டது. இரண்டு கேள்வியிலும் நியாயம் இருந்தது. முடிவு எடுப்பது இழுத்துக்கொண்டே போனது. கடைசியில் அந்தத் தேசிய ஆலை எழவே இல்லை.

மேட்டூர் ஆலைக்கும் வளர வழி கிடைக்கவில்லை. பாலிசிலிக்கன் தொழிலில் அளவுதான் எல்லாம். அந்தக் காலத்து முறையில் ஒரு கிலோ எடுக்க நூறு யூனிட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும். பெரிய ஆலை, மலிவான மின்சாரம், நிச்சயமான கொள்முதல் இவை மூன்றும் இருந்தால்தான் விலை கட்டுப்படியாகும். உள்நாட்டில் வாங்குவதற்கு சிப் ஆலைகளே இல்லை. 1991க்குப் பிறகு இறக்குமதி எளிதானது. 1997இல் இந்தியா தகவல் தொழில்நுட்ப உடன்பாட்டில் சேர்ந்து, சிப்புகளுக்கும் பல மின்னணுப் பொருள்களுக்கும் சுங்க வரியைப் படிப்படியாக நீக்க ஒப்புக்கொண்டது. இன்று சூரிய மின்தகடுகளுக்கான பாலிசிலிக்கனில் மிகப் பெரும்பங்கு சீனாவிலிருந்து வருகிறது. மேட்டூரில் தொடங்கிய வேலையை அரசு தாங்கிப் பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது ஊகம். தாங்கிப் பிடிக்கவில்லை என்பது வரலாறு.

மொகாலி: அரசே நடத்திய ஆலை

மேட்டூர் தனியார் முயற்சி. அரசின் நேரடி முயற்சி பஞ்சாபின் மொகாலியில் நடந்தது. 1960களிலேயே பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் டிரான்சிஸ்டர்கள் தயாரித்துக்கொண்டிருந்தது. அடுத்த படியாக செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் நிறுவனத்தை அமைக்க 1976இல் மத்திய அரசு முடிவு செய்தது. அமெரிக்காவின் ஏ.எம்.ஐ. நிறுவனத்திடம் தொழில்நுட்பம் பெற்று 1984இல் 5 மைக்ரான் அளவில் உற்பத்தி தொடங்கியது. சில ஆண்டுகளிலேயே அங்கிருந்த பொறியாளர்கள் 1 மைக்ரானுக்குக் கீழே போகும் முயற்சி வரை வந்துவிட்டார்கள். உலகத்தின் முன்னணியிலிருந்து அப்போது நாம் வெகுதொலைவில் இல்லை.

1989 பிப்ரவரி 7ஆம் தேதி ஆலை தீப்பற்றி எரிந்தது. மீண்டும் கட்டி எழுப்புவதற்குள் உலகம் பல தலைமுறை தாண்டிப் போய்விட்டது. 2006இல் அது விண்வெளித் துறையின் கீழ் ஆய்வுக்கூடமாக மாற்றப்பட்டது. இன்றைக்கும் விண்கலங்களுக்கான சிப்புகள் அங்கே தயாராகின்றன. ஆனால் சந்தைக்கான பெரிய தொழிலாக அது வளரவில்லை.

வாசலில் நின்றவர்கள்

இந்தியச் சிப் வரலாற்றை எழுதுகிறவர்கள் இதுவரை சொன்னதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். தீ விபத்து, அதிகாரிகளின் தயக்கம், நழுவிய வாய்ப்பு என்று கதை முடிந்துவிடுகிறது. நாம் கேட்க வேண்டியது அதற்கு அடுத்த கேள்வி. இந்த ஆலைகளுக்குள் போக யாருக்கு வழி இருந்தது?

முதல் ஐஐடி 1951இல் தொடங்கியது. அங்கே பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு இடஒதுக்கீடு வந்தது 1973இல். இடையில் 22 ஆண்டுகள். 1973இல் சேர்ந்த ஒரு தலித் மாணவர் அன்றைய ஐந்தாண்டுப் படிப்பை முடித்து வெளியே வரும்போது 1978. மொகாலி ஆலைக்கு முடிவெடுத்து இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டிருந்தன. இந்திய மின்னணுத் துறையை நிறுவிய தலைமுறை, கதவு சாத்தியிருந்த காலத்தில் படித்து வந்த தலைமுறை. அவர்களுடைய திறமையை நாம் குறைத்துப் பேசவில்லை. அந்தத் திறமை எந்தெந்தத் தெருக்களிலிருந்து மட்டும் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதைச் சொல்கிறோம்.

மொகாலி பொதுத்துறை. ஆகவே பட்டியல் சாதிக்கு 15 சதவீதம், பழங்குடிக்கு 7.5 சதவீதம் என்ற விதி அங்கே பொருந்தியது. ஆனால் அறிவியல், தொழில்நுட்ப ஆராய்ச்சிப் பணியிடங்களுக்கு 1975ஆம் ஆண்டின் மத்திய அரசு ஆணை ஒரு விலக்கை வைத்திருந்தது. ஆராய்ச்சியை நடத்தும், வழிநடத்தும் பதவிகளில், முதல் வகுப்பின் கீழ்ப்படிக்கு மேலே இடஒதுக்கீடு வேண்டாம் என்று அந்த ஆணை சொன்னது. கதவைத் திறந்து, மாடிப்படியை எடுத்துவிட்டார்கள் என்றுதான் இதைச் சொல்ல வேண்டும்.

அந்த அரைக் கதவுகூட மேட்டூரில் இல்லை. தனியார் ஆலைக்கு இடஒதுக்கீட்டுக் கடமை எதுவும் கிடையாது. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள நம் மாவட்டத்திலேயே எதிர் உதாரணம் இருக்கிறது. சேலம் உருக்காலைக்கு 1970இல் அடிக்கல் நாட்டினார்கள். 1981இல் உற்பத்தி தொடங்கியது. அது பொதுத்துறை. அங்கே நம் மக்களில் ஒரு பகுதியினர் விதிப்படி வேலைக்குப் போக முடிந்தது, ஓய்வூதியப் பலன் பெற முடிந்தது, பிள்ளைகளை மேற்படிப்புக்கு அனுப்ப முடிந்தது. ஒரே மாவட்டம், ஒரே காவிரித் தண்ணீர். ஆலைக்கு உரிமையாளர் யார் என்பதைப் பொறுத்து சேரியின் தலையெழுத்து மாறியது. உருக்காலையைத் தனியாருக்கு விற்கும் பேச்சு எழுந்தபோது தொழிலாளர்கள் ஆண்டுக்கணக்கில் போராடியதை நாம் இந்தக் கணக்கோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

தைவான் செய்தது என்ன?

இந்தியா ஏன் தைவான் ஆகவில்லை என்று தொலைக்காட்சி விவாதங்களில் கேட்கிறார்கள். தைவான் செய்ததை முழுதாகச் சொல்வதில்லை. அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனத்திடம் 1976இல் தொழில்நுட்பம் வாங்கி, இளம் பொறியாளர்களை அங்கே அனுப்பிப் பயிற்சி கொடுத்தது அரசு ஆய்வு நிறுவனம். 1987இல் டி.எஸ்.எம்.சி. தொடங்கியபோது முதலீட்டில் ஏறத்தாழப் பாதி அரசுப் பணம். அரசு பணம் போட்டது, பங்கும் வைத்துக்கொண்டது.

அதற்கும் முன்னால் நடந்தது ஒன்று உண்டு. 1949இல் குத்தகையைப் பயிரில் 37.5 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று குறைத்தார்கள். 1953இல் உழுபவருக்கே நிலம் என்று சட்டம் போட்டுப் பெருநிலக்காரர்களின் நிலத்தைப் பிரித்துக் கொடுத்தார்கள். 1968இல் ஒன்பது ஆண்டுக் கட்டாயக் கல்வி வந்தது. தென்கொரியாவிலும் 1950இல் நிலச்சீர்திருத்தம் தொடங்கியது. இரண்டு நாட்டிலும் அப்போது மக்களாட்சி இல்லை, தொழிற்சங்கங்களை ஒடுக்கினார்கள். அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் குத்தகை உழவரின் பிள்ளை பள்ளிக்குப் போய், பொறியாளராகி, சிப் ஆலைக்குள் போவதற்கான வழியை அவர்கள் நிலத்திலிருந்தே தொடங்கினார்கள்.

இங்கே? 1892இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்கீர் கொடுத்த அறிக்கையை அடுத்து ஒடுக்கப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்களையே இன்னும் மீட்க முடியவில்லை. நிலம் பிரிக்கப்படாத, சாதி அசையாத சமூகத்தின் மேல் சிப் ஆலையை மட்டும் கொண்டுவந்து நடுகிறார்கள். வேலைக்கு ஆள் வேண்டும் என்று தேடும்போது, நூறு பேரில் எத்தனை பேரைத் தேடாமலேயே விட்டுவிடுகிறோம் என்பது அவர்கள் கணக்கில் வருவதில்லை. தமிழ்நாட்டில் ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர்.

நூற்றுக்கு எழுபது நம் பணம்

இப்போது நடப்பதைப் பார்ப்போம். 2021 டிசம்பரில் மத்திய அரசு செமிகண்டக்டர் தொழிலுக்கு 76,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. ஆலைச் செலவில் பாதியை மத்திய அரசு தரும். மாநில அரசுகள் அதற்கு மேல் தருகின்றன.

சானந்தில் மைக்ரான் நிறுவனத்தின் சிப் பொதியும் பரிசோதிக்கும் ஆலைக்கு 2023 ஜூனில் ஒப்புதல் கிடைத்தது. மொத்த முதலீடு 275 கோடி டாலர் வரை. அதில் மைக்ரான் போடுவது 82.5 கோடி டாலர் வரை. மத்திய அரசு 50 சதவீதம், குஜராத் அரசு 20 சதவீதம். நூறு ரூபாயில் எழுபது ரூபாய் பொதுப்பணம். ஆலை மைக்ரானுடையது. 2024 பிப்ரவரியில் ஒப்புதல் பெற்ற தோலேரா ஆலையின் மதிப்பு 91,000 கோடி ரூபாய். டாடாவும் தைவானின் பி.எஸ்.எம்.சி.யும் சேர்ந்து அமைக்கின்றன. அதற்கும் இதே முறையில் அரசு உதவி.

தமிழ்நாடும் இறங்கியிருக்கிறது. 2025-26 நிதிநிலை அறிக்கையில் 500 கோடி ரூபாயில் தமிழ்நாடு செமிகண்டக்டர் இயக்கம் 2030 அறிவிக்கப்பட்டது. கோவைப் பக்கம் சூலூரிலும் பல்லடத்திலும் இந்தத் துறைக்கான இயந்திர உற்பத்திப் பூங்காக்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். ஓசூரில் மின்னணு ஆலைகள் ஏற்கெனவே பெருகிவிட்டன. ஓசூருக்கும் கோவைக்கும் நடுவில் இருப்பது சேலம், நாமக்கல் சமவெளி. தொழில் நம் வாசலுக்கு வரத்தான் போகிறது.

ஜிஎஸ்டி கட்டாத ஏழை இந்த நாட்டில் இல்லை. தீப்பெட்டி வாங்கும் கூலித் தொழிலாளியின் காசும் அந்த எழுபது ரூபாய்க்குள் இருக்கிறது. பொதுத்துறையாக இருந்திருந்தால் 15 சதவீதம் என்று கேட்டிருப்போம். மாநில அரசுப் பணி என்றால் 18 சதவீதம், அதற்குள் அருந்ததியருக்கு 3 சதவீதம் என்று 2009 சட்டத்தைக் காட்டியிருப்போம். அந்த உள்ஒதுக்கீட்டை 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. மேற்கு மாவட்டங்களில் அருந்ததியர் அதிகம் வாழ்கிறார்கள் என்பதால் இது நமக்கு வெறும் சட்டப்பிரிவு அல்ல. ஆனால் ஆலை தனியார் பெயரில் இருப்பதால் இந்த விதிகள் எல்லாம் கேட்டுக்கு வெளியே நின்றுவிடுகின்றன. பணம் உள்ளே போகிறது, சமூகநீதி வெளியே நிற்கிறது.

நிபந்தனை போட முடியாதா?

தனியார் துறையில் தலையிட முடியாது என்பார்கள். மானியம் கொடுக்கும் அரசு நிபந்தனை போடுவது உலகத்தில் புதிதல்ல. அமெரிக்கா 2022இல் சிப் சட்டம் கொண்டுவந்தது. 15 கோடி டாலருக்கு மேல் உதவி கேட்கும் நிறுவனம், தன் தொழிலாளர்களின் குழந்தைகளைப் பராமரிக்க என்ன ஏற்பாடு என்று திட்டம் கொடுக்க வேண்டும் என்று 2023இல் நிபந்தனை வைத்தார்கள். பெண்கள் வேலைக்கு வர முடியாமல் போனால் ஆலைக்கு ஆள் கிடைக்காது என்பது அதற்குச் சொன்ன காரணம். முதலாளித்துவத்தின் தலைநகரமே பணம் கொடுக்கும்போது கேள்வி கேட்கிறது.

இந்தியாவில் இந்தக் கோரிக்கை எழுந்து கால் நூற்றாண்டு ஆகப்போகிறது. 2002 ஜனவரியில் போபால் பிரகடனம் தனியார் துறையில் பங்கு கேட்டது. 2004இல் ஆட்சிக்கு வந்த கூட்டணி தன் பொதுத்திட்டத்தில் அதைப் பேச்சுவார்த்தைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னது. 2006இல் ஜே.ஜே.இரானி தலைமையில் தொழிலதிபர் சங்கங்கள் அமைத்த குழு, சட்டம் வேண்டாம், நாங்களே விரும்பிச் செய்கிறோம் என்றது. விரும்பிச் செய்ததன் விளைவைப் பெரிய நிறுவனங்களின் உயர்பதவிப் பட்டியலைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம்.

அம்பேத்கர் இயந்திரத்துக்கு எதிரானவர் அல்ல என்பதை இளம் தோழர்கள் மனதில் வைக்க வேண்டும். கைராட்டையும் கிராமமும் போதும் என்ற பேச்சை அவர் கடுமையாக மறுத்தார். மனிதன் மாடுபோல உழைத்துச் சாகாமல் ஓய்வும் பண்பாடும் பெற இயந்திரம் வேண்டும், குற்றம் இயந்திரத்தில் இல்லை, அதன் பலனைச் சிலர் மட்டும் அள்ளிக்கொள்ள விடும் சமூக அமைப்பில் இருக்கிறது என்பது அவர் நிலைப்பாடு. 1942 முதல் 1946 வரை தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது மின்சாரம் மலிவாக, ஏராளமாக, அரசின் பொறுப்பில் கிடைக்க வேண்டும் என்று வாதாடினார். 1947இல் எழுதிய ‘அரசுகளும் சிறுபான்மையினரும்’ நூலில் அடிப்படைத் தொழில்கள் அரசுக்குச் சொந்தமாக இருக்க வேண்டும் என்றார். இன்றைக்கு அடிப்படைத் தொழில் என்றால் அதில் சிப் வராமல் இருக்காது.

உள்ளே போன பிறகு

வேலை கிடைத்தால் மட்டும் போதுமா என்பது அடுத்தது. சிப் ஆலை வெளியே பார்க்க மருத்துவமனையைப் போல வெண்மையாக இருக்கும். உள்ளே அமிலங்கள், கரைப்பான்கள், நச்சு வாயுக்கள். தைவானின் தாவோயுவானில் ஆர்.சி.ஏ. ஆலை 1970 முதல் 1992 வரை ஓடியது. கரைப்பான்களை நிலத்தில் விட்டதால் நிலத்தடி நீர் கெட்டது. முன்னாள் தொழிலாளர்கள் பலருக்குப் புற்றுநோய் வந்தது. நீண்ட வழக்குக்குப் பிறகு 2018இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தொழிலாளர்களில் ஒரு பகுதியினருக்கு இழப்பீட்டை உறுதி செய்தது. தென்கொரியாவில் சாம்சங் சிப் ஆலையில் வேலை பார்த்த 22 வயதுப் பெண் 2007இல் ரத்தப் புற்றுநோயால் இறந்தார். அவருடைய தந்தை, வாடகைக் கார் ஓட்டுநர், பதினோரு ஆண்டுகள் விடாமல் போராடினார். 2018 நவம்பரில் நிறுவனம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது.

மேட்டூருக்கும் இந்தப் பாடம் புதிதல்ல. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009இல் மதிப்பிட்ட 88 தொழிற்பகுதிகளில் மேட்டூரும் ஒன்று. ஆலைக் கழிவு எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கத்தில்தான் பெரும்பாலும் ஏழைகளின் கிணறு இருக்கிறது.

நூற்பாலைகளில் நடந்ததும் நமக்குத் தெரியும். சுமங்கலித் திட்டம் என்று அழகாகப் பெயர் வைத்து, கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் தருவதாகச் சொல்லி, நம் பெண்பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் விடுதிகளில் அடைத்து வேலை வாங்கினார்கள். இன்றைய மின்னணு ஆலைகளும் விடுதி, பேருந்து, இளம்பெண்கள் என்ற அதே ஏற்பாட்டை நம்புகின்றன. ஊதியம் கூடியிருக்கிறது, கட்டடம் மாறியிருக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளியா, நிரந்தரத் தொழிலாளியா, சங்கம் வைக்க முடியுமா, எந்த ரசாயனத்தைக் கையாள்கிறோம் என்று அவருக்குத் தமிழில் சொல்லியிருக்கிறார்களா என்ற கேள்விகள் மாறவில்லை.

நாம் கேட்க வேண்டியவை

முதலாவது, பொதுப்பணம் பெறும் ஒவ்வொரு சிப் ஆலையும் மின்னணு ஆலையும் தன் ஊழியர்களின் சமூக விவரத்தைப் பதவி வாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். துப்புரவுப் பணியில் எத்தனை பேர், வடிவமைப்புப் பிரிவில் எத்தனை பேர் என்று தனித்தனியாகத் தெரிய வேண்டும். மொத்தமாக ஒரு சதவீதம் சொல்லி ஏமாற்ற இடம் தரக் கூடாது.

இரண்டாவது, மானிய ஒப்பந்தத்திலேயே தமிழ்நாட்டின் இடஒதுக்கீட்டு விகிதத்தை, அருந்ததியர் உள்ஒதுக்கீடு உட்பட, நிபந்தனையாக எழுத வேண்டும். மீறினால் மானியத் தவணை நிற்க வேண்டும். மாநில அரசு தன் பணத்துக்கு இந்த நிபந்தனையை வைக்க டெல்லியைக் கேட்டுக்கொண்டிருக்கத் தேவையில்லை.

மூன்றாவது, பயிற்சி. இந்தத் தொழிலில் பொறியாளர் மட்டும் வேலை பார்ப்பதில்லை. வாயுக் குழாய் அமைப்பு, வெற்றிடப் பம்ப், தூய நீர் நிலையம், கருவிப் பராமரிப்பு என்று ஐடிஐ, பாலிடெக்னிக் படித்தவர்களுக்கான வேலைகள் ஏராளம். சேலம், நாமக்கல், மேட்டூர் பகுதி அரசு ஐடிஐக்களிலும் பாலிடெக்னிக்குகளிலும் இந்தப் பாடங்களைத் தொடங்கி, ஆதிதிராவிடர் நலத்துறை விடுதிகளில் தங்கிப் படிக்கும் மாணவர்களுக்கு உதவித்தொகையோடு இடம் தர வேண்டும்.

நான்காவது, நிலமும் தண்ணீரும். ஒரு பெரிய சிப் ஆலைக்கு நாளொன்றுக்குப் பல லட்சம் லிட்டர் தூய நீர் வேண்டும். தொழிற்பூங்காவுக்கு நிலம் எடுக்கும் முன் அதில் பஞ்சமி நிலம் இருக்கிறதா என்று பழைய ஆவணங்களோடு ஒப்பிட்டுப் பார்த்த அறிக்கையைக் கிராம சபையில் வைக்க வேண்டும்.

இவற்றுக்கு மாநாடு வரை காத்திருக்க வேண்டியதில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். தனியார் நிறுவனம் நேரடியாகப் பதில் சொல்லாது. ஆனால் சிப்காட்டும், தொழில் துறையும், மத்திய மின்னணு அமைச்சகமும் பொது அதிகார அமைப்புகள். எந்த நிறுவனத்துக்கு எவ்வளவு மானியம், என்ன நிபந்தனை, எத்தனை ஏக்கர், அதில் எவ்வளவு பஞ்சமி நிலம் என்று தனித்தனிக் கேள்வியாக எழுதி அனுப்புங்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு. ஒரு விடுதி அறையில் நான்கு பேர் சேர்ந்தால் ஒரு மாதத்தில் ஒரு மாவட்டத்தின் கணக்கை எடுத்துவிடலாம்.

மேட்டூரில் சிலிக்கன் விளைந்தபோது நம் பாட்டன் பாட்டிகளுக்கு அது என்னவென்று யாரும் சொல்லவில்லை, பங்கு கேட்கும் இடத்தில் அவர்களை யாரும் வைக்கவுமில்லை. இப்போது நம்மிடம் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள், சட்டம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அடுத்த ஆலைக்கான ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு முன்பே நம் கேள்வி அந்த மேசைக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

ஜெய்பீம்!